வலி போனதா, நோய் போனதா? மூட்டுவாதம் பற்றிய கேள்வி பதில்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் இருப்பவர்கள் மூட்டுவாத நோய்களைப் பற்றிக் கேட்ட கேள்விகள் இவை. வாதநோய்ப் பிரிவில் நீண்ட காலம் தாதியாக (ஊரார் வாயில் 'மிசி') இருந்து ஓய்வு பெற்றவள் என்பதால் என்னிடம் வந்து சேர்ந்தன. பெயர்களை எடுத்துவிட்டேன். மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் மருத்துவரின் பொறுப்பு. அவரிடம் எதைக் கேட்க வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டியதில்லை என்பதை நான் சொல்கிறேன்.

மிசி, எனக்கு 46 வயது. பால்மரம் (ரப்பர் மரம்) சீவுகிறேன். மூன்று மாதமாக விடியற்காலையில் விரல்கள் மடங்குவதில்லை, கத்தியைப் பிடிக்க முடியவில்லை. பத்து மணிக்கு மேல் சரியாகிவிடுகிறது. அம்மா வாயு என்கிறார். தைலம் போதுமா?

போதாது, தங்கச்சி. வெயில் ஏறுமுன், குளிர்ந்த நேரத்தில்தான் பால் நன்றாக வடியும். முடக்குவாதம் விரலை இறுக்கிப் பிடிப்பதும் அதே நேரத்தில்தான். அதனால் மரம் சீவுகிறவர்களுக்கு இந்த நோய் வேலையிலேயே தெரிந்துவிடுகிறது. ஆனால் எல்லாரும் அதை வேலை அலுப்பு என்று தள்ளிவிடுகிறார்கள்.

உழைத்துத் தேய்ந்த மூட்டு, வேலை செய்யச் செய்ய வலிக்கும், உட்கார்ந்தால் அடங்கும். முடக்குவாதம் இதற்கு நேர்மாறு. ஓய்வுக்குப் பிறகு இறுகும், அசைய அசைய இளகும். காலை இறுக்கம் அரை மணி நேரத்தைத் தாண்டினாலே சந்தேகப்பட வேண்டும். இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்து வைத்துப் பாருங்கள். நகத்துக்கு அருகில் உள்ள கணு கெட்டியாகப் புடைத்திருந்தால் அது பெரும்பாலும் தேய்மானம். விரல்கள் கையோடு சேரும் முட்டிகளும் நடுக்கணுக்களும் மணிக்கட்டும் மெத்தென்று வீங்கியிருக்கின்றனவா? முட்டிகளுக்கு இடையே உள்ள பள்ளங்கள் நிரம்பிவிட்டனவா? யாராவது கைகுலுக்கி லேசாக அழுத்தினாலே துடித்துப்போகிறீர்களா? அப்படியானால் தாமதிக்காதீர்கள்.

இந்த நோயில் உடலின் எதிர்ப்புச் சக்தி தன் மூட்டின் உட்சவ்வையே பகை என்று எண்ணித் தாக்குகிறது. வீங்கிய சவ்வு குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கிறது. அரித்தது மறுபடி வளராது. முதல் சில மாதங்களுக்குள் சரியான மருந்தைத் தொடங்கியவர்களின் கைகளையும், வருடக்கணக்கில் தைலம் தேய்த்துவிட்டு வந்தவர்களின் கைகளையும் அருகருகே பார்த்தவள் நான். முன்னவர்கள் சட்டைப் பொத்தானைத் தாங்களே போட்டுக்கொள்கிறார்கள். பின்னவர்களுக்குச் சோறு பிசையவும் இன்னொருவர் கை வேண்டியிருக்கிறது.

அரசாங்க சுகாதார கிளினிக்கில் ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டணத்தில் பார்க்கலாம். இரத்தப் பரிசோதனையில், முடக்குவாதத்துக்கு அடையாளமாகத் தேடும் வாதக் காரணி 'இல்லை' என்று வந்தாலும் நோயே இல்லை என்று முடிவாகாது. வீக்கம் தொடர்ந்தால் நிபுணருக்குக் கடிதம் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

எனக்கு 61 வயது. முழங்கால் வலிக்கு இரவுச் சந்தையில் ஒரு நாட்டு மாத்திரை வாங்கி இரண்டு வருடமாகச் சாப்பிடுகிறேன். இரண்டே நாளில் வலி பறந்துவிட்டது. இப்போது முகம் உப்பியிருக்கிறது, லேசாக இடித்தாலும் தோல் நீலமாகிறது, புதிதாகச் சர்க்கரை நோய் என்கிறார்கள். மகன் மாத்திரையைத் தூக்கிப் போடச் சொல்கிறான்.

ஐயா, மகனின் கவலை நியாயமானது. ஆனாலும் நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். அந்தப் பொட்டலத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு இன்றே மருத்துவரைப் பாருங்கள். நீங்கள் சொல்வதெல்லாம், வீக்கத்தை வேகமாக அடக்கும் ஸ்டீராய்டு என்ற மருந்தின் அடையாளங்கள்.

வலிக்கும் வாயுவுக்கும் என்று விற்கும் மாத்திரைகளிலும், ஜாமு, மஜூன் போன்ற மூலிகை மருந்துகளிலும் டெக்சாமெத்தசோன், பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டுகளை யாருக்கும் சொல்லாமல் கலக்கிறார்கள். சுகாதார அமைச்சு இதைப் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. மூலிகை இரண்டே நாளில் வீக்கத்தை வற்றவைத்தால், அந்த வேகமே சந்தேகத்துக்குக் காரணம்.

ஸ்டீராய்டு கெட்ட மருந்து என்று நான் சொல்லவில்லை. நம் ஊருக்கு 1948 என்றால், கம்யூனிஸ்டு கிளர்ச்சியை அடக்கப் பிரிட்டிஷார் அறிவித்த அவசரகாலம்தான் நினைவுக்கு வரும். அதே 1948இல்தான் அமெரிக்காவில் பிலிப் ஹென்ச் என்ற மருத்துவர், முடக்குவாதத்தால் முடங்கிக் கிடந்த ஓர் இளம்பெண்ணுக்கு முதன்முதலாகக் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்தார். சில நாள்களில் அவர் எழுந்து நடந்தார். 1950இல் ஹென்ச்சுக்கும் இந்த ஹார்மோன்களை ஆராய்ந்த வேறு இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அதன் பிறகுதான் நெடுநாள் கொடுத்தால் என்ன ஆகும் என்பது உலகத்துக்குத் தெரியவந்தது. எலும்பு மெலிந்து முதுகெலும்பு நொறுங்கும், கண்ணில் புரை விழும், சர்க்கரையும் இரத்த அழுத்தமும் ஏறும், இடுப்பு மூட்டில் தொடை எலும்பின் பந்து செத்துப்போகும். அதனால்தான் மருத்துவர்கள் அதைக் குறைந்த அளவில், குறைந்த காலத்துக்கு, கணக்குப் பார்த்துக் கொடுக்கிறார்கள். அளவு தெரியாமல் இரண்டு வருடம் என்பது வேறு கதை.

திடீரென்று நிறுத்தக் கூடாது என்பதற்கும் காரணம் இருக்கிறது. வெளியிலிருந்து வந்துகொண்டே இருந்ததால் உடலுக்குள் இயற்கையாக ஸ்டீராய்டு சுரக்கும் உங்கள் அட்ரினல் சுரப்பி தன் வேலையை மறந்திருக்கும். சட்டென்று விட்டால் வாந்தி, மயக்கம், இரத்த அழுத்தச் சரிவு எனச் சில நாள்களில் உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் அளவு தெரிந்த மருந்துக்கு மாற்றி, படிப்படியாகக் குறைப்பார்.

தோட்டத்தில் வளர்ந்தவர்கள் இன்னொன்றையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். வெறுங்காலில் மண்ணில் நடந்த காலத்தில் தோல் வழியே ஏறும் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்ற குடற்புழு, எந்தத் தொந்தரவும் தராமல் பல பத்தாண்டுகள் உடலில் தங்கியிருக்கும். ஸ்டீராய்டு எதிர்ப்புச் சக்தியை அடக்கும்போது அது பெருகி நுரையீரல் வரை பரவி உயிரைப் பறிக்கலாம். வயிற்று வலி, இருமல், காய்ச்சல் இருந்தால் மறைக்காதீர்கள். பரிசோதித்துப் புழு மருந்து கொடுப்பார்கள்.

இனி வாங்கும் எந்தப் பாரம்பரிய மருந்திலும் 'எம்.ஏ.எல்.' (MAL) என்று தொடங்கி எட்டு இலக்கத்துக்குப் பின் 'டி' (T) என்று முடியும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் தொடாதீர்கள்.

அம்மாவுக்கு மெத்தோட்ரெக்சேட் கொடுத்திருக்கிறார்கள். இணையத்தில் பார்த்தால் புற்றுநோய் மருந்து என்று இருக்கிறது. கொடுக்கலாமா?

கொடுங்கள், தம்பி. புற்றுநோய்க்குக் கொடுக்கும் அளவு வேறு, இது மிகக் குறைந்த அளவு. முடக்குவாதத்தின் போக்கையே மாற்றும் மருந்துகளில் முதலில் கைக்கு வருவது இதுதான். பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். இரண்டு வாரத்தில் "கேட்கவில்லை" என்று விட்டுவிடாதீர்கள்.

பயப்பட வேண்டியது ஒன்றுக்குத்தான். இது வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் சாப்பிடும் மருந்து. தவறுதலாகத் தினமும் சாப்பிட்டால் எலும்பு மஜ்ஜை ஒடுங்கி உயிரே போகலாம். மருந்தகத்து உறையில் மலாயில் எழுதியிருப்பது அம்மாவுக்குப் புரியாமல் போகலாம். சுவரில் தொங்கும் நாள்காட்டியில் கிழமையை வட்டமிடுங்கள். அந்த உறையை மற்ற மாத்திரைகளோடு வைக்காமல் நீங்களே எடுத்துக் கொடுங்கள். ஒரு மாத்திரை 2.5 மில்லிகிராம் என்பதால் ஒரே நேரத்தில் நான்கைந்து விழுங்கச் சொல்லியிருப்பார்கள். அதைப் பார்த்துத் திகைத்து, நாளுக்கு ஒன்றாகப் பிரித்துவிடக் கூடாது. ஃபோலிக் அமிலத்தை மருத்துவர் சொன்ன நாளில் கொடுங்கள்.

வாய்ப்புண், காய்ச்சல், தொண்டை வலி, வறட்டு இருமலோடு மூச்சிரைப்பு ஆகியவற்றில் எது வந்தாலும் அந்த வார மாத்திரையைக் கொடுக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். இரத்த அணுக்கள், ஈரல், சிறுநீரகம் ஆகியவற்றுக்கான பரிசோதனைத் தேதியைத் தவறவிடாதீர்கள். மது கூடாது.

முடக்குவாதத்துக்காகக் கத்தரிக்காய், புளி, உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். வேறு எதை நிறுத்த வேண்டும்?

புகைபிடிப்பவராக இருந்தால் அதை. முடக்குவாதத்தை மோசமாக்குவதும் மருந்தின் பலனைக் குறைப்பதும் புகைதான். கத்தரிக்காயை நிம்மதியாகச் சாப்பிடுங்கள்.

செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறேன். கால் கட்டைவிரலில் கவுட். வலி வரும்போது அல்லோபுரினோல் போடுகிறேன், போனதும் விட்டுவிடுகிறேன். ஆனாலும் திரும்பத் திரும்ப வருகிறது. பருப்பும் கீரையும் தொடுவதே இல்லை.

அண்ணே, அல்லோபுரினோல் வலி மாத்திரை அல்ல. யூரிக் அமிலத்தைக் குறைத்து, மூட்டில் படிந்த உப்பை மெல்லக் கரைக்கும் மருந்து. அதைத் தினமும் சாப்பிட வேண்டும். விட்டு விட்டுச் சாப்பிட்டால் அமிலம் ஏறி இறங்குகிறது, அதுவே அடுத்த தாக்குதலைக் கிளப்புகிறது. குறைந்த அளவில் தொடங்கி, இரத்தத்தில் யூரிக் அமிலம் லிட்டருக்கு 360 மைக்ரோமோலுக்குக் கீழே வரும்வரை கூட்டுவார்கள். தோலுக்கடியில் உப்புக் கட்டி இருந்தால் 300க்குக் கீழே. முதல் சில மாதங்கள் வலி வரலாம் என்பதால் கூடவே தாக்குதலைத் தடுக்கும் கோல்ச்சிசின் மாத்திரையைச் சிறிதளவு கொடுப்பது வழக்கம். தொடங்கிய புதிதில் தோலில் தடிப்போ வாயில் புண்ணோ வந்தால் உடனே நிறுத்தி மருத்துவமனைக்குப் போங்கள். அது ஆபத்தான ஒவ்வாமையாக இருக்கலாம்.

பருப்பும் கீரையும் பாவம் செய்யவில்லை. பீர், கள், ஈரல், நெத்திலி, இனிப்புப் பானம் இவற்றைக் குறையுங்கள். வலிக்கும் போதெல்லாம் கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கி விழுங்கும் பழக்கத்தையும் விடுங்கள். கவுட் ஏற்கெனவே சிறுநீரகத்தைத் தொந்தரவு செய்கிறது. இரத்த அழுத்தமும் சேர்ந்திருந்தால் அந்த மாத்திரை அதை முடித்தே விடும்.

வயது 24. குலை அறுக்கும் வேலை. ஒரு வருடமாக இடுப்பு வலி. அதிகாலை மூன்று மணிக்கு எழுப்பிவிடுகிறது, நடந்தால் குறைகிறது. போன மாதம் ஒரு கண் சிவந்து வெளிச்சம் பார்க்க முடியவில்லை. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா?

இருக்கலாம், தம்பி. பாரம் தூக்கிய முதுகு படுத்தால் ஆறும். படுத்தால் கூடி நடந்தால் குறையும் வலி, இளவயதில் மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால், முதுகெலும்பை இறுக்கும் வாதமா என்று பார்க்க வேண்டும். அந்தக் கண் சிவப்பு இதன் கூட்டாளி. மறுபடி வந்தால் அன்றைக்கே கண் பிரிவுக்குப் போங்கள், சொட்டு மருந்தை நீங்களாக வாங்காதீர்கள். மருந்தோடு தினசரி உடற்பயிற்சியும் சிகிச்சையின் பாதி. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் உயிரியல் ஊசி தேவைப்பட்டால் முதலில் காசநோய்க்கும் ஹெப்படைட்டிஸ் பி-க்கும் பரிசோதிப்பார்கள். அந்த ஊசி உறங்கும் காசநோயை எழுப்பிவிடக்கூடியது. வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்திருந்தால் கேட்காமலே சொல்லுங்கள்.

எனக்கு லூபஸ். வயது 27. குழந்தைக்குத் தயாராகிறோம். எல்லா மாத்திரையையும் நிறுத்தினால்தான் பிள்ளை நன்றாகப் பிறக்கும் என்கிறார் மாமியார்.

மாமியாரையும் அடுத்த முறை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள், அம்மா. அவர் உங்கள் நன்மைக்குத்தான் சொல்கிறார், ஆனால் இந்த விஷயத்தில் அது தவறு. லூபஸ், உடலின் எதிர்ப்புச் சக்தியே பல உறுப்புகளைத் தாக்கும் நோய். அதை அடக்கி வைக்கும் ஹைட்ராக்சிகுளோரோகுயினை நிறுத்தினால் நோய் சீறும், அது தாய்க்கும் சேய்க்கும் கேடு. கர்ப்பத்திலும் அந்த மருந்தைத் தொடரச் சொல்வார்கள். மாறாக மைக்கோஃபினோலேட், மெத்தோட்ரெக்சேட் போன்றவை கருவைக் கெடுக்கும். அவற்றைக் கருத்தரிக்கும் முன்பே மாற்றியாக வேண்டும். நோய் குறைந்தது ஆறு மாதம் அடங்கியிருந்த பிறகு கருத்தரிப்பது நல்லது. சிறுநீரில் நுரை, காலில் வீக்கம், இரத்த அழுத்தம் ஏற்றம் என்றால் சிறுநீரகத்தைச் சோதிக்க வேண்டும். லூபஸ் அடிக்கடி சேதப்படுத்தும் உறுப்பு அது, வலியே இல்லாமல் சேதப்படுத்தும். முன்பு கரு கலைந்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்.

பத்து வயது மகனுக்குத் தொண்டை வலிக்குப் பின் முழங்கால் வீங்கியது, பிறகு கணுக்கால். வாதக் காய்ச்சல் என்று மாதம் ஒரு ஊசி போடுகிறார்கள். வலி எப்போதோ போய்விட்டது. இன்னும் ஏன்?

வாதக் காய்ச்சல் மூட்டை விட்டுவிடும், இதயத்தை விடாது. இந்தக் காய்ச்சலைக் கிளப்பிய கிருமி தொண்டையில் மறுபடி தொற்றும் ஒவ்வொரு முறையும் இதய வால்வில் புதிய தழும்பு உண்டாகலாம். அந்தப் பென்சிலின் ஊசி தொற்று வராமல் காக்கிறது. இதயம் பாதிக்காவிட்டாலும் குறைந்தது ஐந்து வருடம் அல்லது 21 வயது, இரண்டில் எது பிந்தியதோ அதுவரை போட வேண்டும். வால்வு கெட்டிருந்தால் இன்னும் நீளும். பள்ளி விடுமுறையில் ஊருக்குப் போனாலும் ஊசித் தேதி தவறக் கூடாது.

அப்பாவுக்கு முடக்குவாதம் வந்து பதினைந்து வருடம். இப்போது வலி அதிகமில்லை. இனிக் கவலையில்லைதானே?

வலி குறைந்ததற்கு மருந்து காரணமாக இருந்தால் மகிழ்ச்சி. ஆனால் இந்த நோய் மூட்டோடு நிற்பதில்லை. மாரடைப்பு வாய்ப்பைக் கூட்டுகிறது, அதனால் இரத்த அழுத்தம், கொழுப்பு, சர்க்கரை மூன்றையும் பாருங்கள். படியேறும்போது புதிதாக மூச்சு வாங்கினால் நுரையீரலைச் சோதிக்க வேண்டும். கழுத்து வலியோடு கை கால் மரத்துப்போனால் கழுத்தெலும்பு நழுவியிருக்கலாம். அறுவை சிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுக்குமுன் அவருக்கு முடக்குவாதம் இருப்பதைச் சொல்ல மறக்காதீர்கள். ஒரே ஒரு மூட்டு மட்டும் திடீரென்று சூடாக வீங்கிக் காய்ச்சலும் அடித்தால், அதை வழக்கமான வலி என்று விட வேண்டாம். சீழ் பிடித்திருக்கலாம், சில நாளில் மூட்டையே அழிக்கும். இரவானாலும் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். ஃபுளூ, நிமோனியா தடுப்பூசிகளைப் பற்றியும் கேளுங்கள்.

வேலை செய்ய முடியவில்லை. சொக்சோவில் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில்) ஏதாவது கிடைக்குமா? இது வேலையில் நடந்த விபத்து இல்லையே.

விபத்தாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. இயலாமைத் திட்டம் நோயால் வேலை செய்ய முடியாமல் போனவர்களுக்கும் உண்டு. வழக்கமான சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைக்கூட ஈட்ட முடியாத நிலை என்று மருத்துவக் குழு ஏற்க வேண்டும். சந்தா செலுத்திய மாதங்களுக்கும் நிபந்தனை உண்டு. 60 வயதுக்குள் விண்ணப்பியுங்கள். நிபுணரின் அறிக்கை, எக்ஸ்ரே, மருத்துவ விடுப்புச் சீட்டுகள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்துக்கொண்டு போங்கள்.