சின்ன விமானத்துக்கு ரேடார்: பில் யாருக்கு?

பிரிட்டனில் சிறு விமானங்களுக்கான லார்ஸ் ரேடார் சேவைக்கு (தரையிலிருந்து ரேடாரும் ரேடியோவும் கொண்டு விமானிக்கு உதவுவது) யார் பணம் கட்டுவது? சிறு விமானம் ஓட்டும் நம் ஆட்களிடமிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்:

கே: லார்ஸ் இலவசமா?
ப: விமானிக்கு பில் வராது. கட்டுப்பாட்டு வான்வெளிக்கு (அனுமதி பெற்றே நுழைய வேண்டிய பகுதி) வெளியே, எஃப்எல் 100 வரை (சுமார் 10,000 அடி), சேவை தரும் நிலையத்திலிருந்து ஏறக்குறைய 30 கடல்மைலுக்குள் கேட்கலாம். ஃபார்ன்பரோ விமான நிலையத்தில் கேட்கலாம், விமானப்படைத் தளமான பிரைஸ் நார்ட்டனிலும் கிடைக்கும். ஆனால் கேட்டவுடன் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். கன்ட்ரோலருக்கு (ரேடியோவில் பேசும் தரை அதிகாரி) வேலை மிகுந்தால் மறுத்துவிடுவார், அல்லது பேசிக் சர்வீஸ் என்ற அடிப்படைச் சேவையோடு நிறுத்திக்கொள்வார்.

கே: ஏர்லைன்ஸ் கட்டுகிறதே, நாமும் கட்டினால் என்ன?
ப: கணக்குப் போட்டுப் பாருங்கள். வான்வழிக் கட்டணம் வசூலிக்கும் ஐரோப்பிய அமைப்பான யூரோகன்ட்ரோலின் சூத்திரம்: கிலோமீட்டரை 100-ஆல் வகுத்து, எடையை (டன்) 50-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்து, இரண்டையும் பெருக்க வேண்டும். 200 கி.மீ.க்கு 78 டன் பயணிகள் ஜெட்டான ஏ320-க்கு 2.5 கட்டண அலகு, 1.1 டன் சிறு விமானமான செஸ்னா 172-க்கு 0.3. இவ்வளவு சின்னத் தொகைக்கு பில் போட்டு வசூலிக்கிற செலவே அதை மிஞ்சும். 2 டன்னுக்குக் குறைந்தவற்றுக்கு விலக்கு இருப்பதில் வியப்பில்லை. இன்னொன்று: எடைக்கும் கன்ட்ரோலரின் உழைப்புக்கும் சம்பந்தம் இல்லை. வழிதவறிய ஒரு செஸ்னா, ஐந்து ஏ320-ஐவிட அதிகம் பேச வைக்கும்.

கே: அப்படியானால் ஏர்லைன் பயணி, பணக்காரர் பொழுதுபோக்குக்குத் தண்டம் அழுகிறாரா?
ப: இல்லை, தன் பாதுகாப்புக்குக் கட்டுகிறார். தெரியாமல் கட்டுப்பாட்டு வான்வெளிக்குள் நுழையும் சிறு விமானத்தால் ஜெட்டுகளைத் திருப்ப வேண்டியிருக்கும், காத்திருக்க வைக்க வேண்டியிருக்கும். அந்த விமானி ஏற்கெனவே அலைவரிசையில் இருந்தால் ஒரு வார்த்தையில் விஷயம் முடியும். அழைப்புக்கு இவ்வளவு என்று விலை வைத்தால் ஆளாளுக்கு வாய் மூடிக்கொள்வார்கள்.

கே: ரேடார்தான் ஏற்கெனவே ஓடுகிறதே, கூடுதல் செலவு எங்கே?
ப: ரேடாருக்கு இல்லை, ஆளுக்கு. லார்ஸுக்கென்று தனி மேசை போட்டால் ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் சம்பளம் உண்டு. “சும்மாதானே கிடைக்கிறது” என்கிற நம் ஆட்களின் வாதம் இங்கேதான் இடிக்கும்.

கே: ஆவ்காஸுக்கு (சிறு விமானப் பெட்ரோல்) வரி கட்டுகிறோமே! அதுதான் நம் பங்கு.
ப: அது பொதுக் கருவூலத்துக்குப் போகிறது, ரேடாருக்கென்று ஒதுக்கியது இல்லை. அமெரிக்காவில் கேலனுக்கு 19.3 சென்ட் நேராக விமானப் போக்குவரத்து அறக்கட்டளை நிதிக்குப் போகிறது. அங்கே இந்த வாதம் எடுபடும். கனடாவில் சிறு விமானத்துக்கு ஆண்டுக் கட்டணம். என் ஓட்டு கனடாவுக்கு: ஒருமுறை கட்டிவிட்டால், அழைக்கத் தயங்கக் காரணம் இருக்காது.

கே: லார்ஸுக்கு காசு உண்டா?
ப: முதல் பதில்.

கே: இந்தியாவில் எப்படி?
ப: ஏர்போர்ட்ஸ் அத்தாரிட்டியின் கட்டணப் பட்டியலைப் பாருங்கள். இங்கே பிரிட்டன் மட்டும்.

கே: பேசிக் சர்வீஸில் இருந்தேன். எதிரே வந்த விமானத்தைச் சொல்லவே இல்லை. காசு கட்டாததாலா?
ப: இல்லை. பேசிக்கில் யாரும் உங்களை ரேடாரில் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. எத்தனை முறை சொல்வது! ட்ராஃபிக் சர்வீஸ் கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார்; விலகுவது அப்போதும் உங்கள் வேலை. டீகன்ஃப்ளிக்‌ஷன் சர்வீஸில்தான் விலகும் வழியையும் அவரே சொல்வார். முதல் அழைப்பிலேயே சேவையின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். ட்ரான்ஸ்பாண்டரில் (ரேடாருக்குப் பதில் சமிக்ஞை அனுப்பும் கருவி) உயரம் போகிறதா என்றும் பாருங்கள்.