படம் ஒட்டினால் சண்டை தீருமா?

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் சங்கத் தேர்தல் முடிந்ததிலிருந்து எல்லோரும் இரண்டு அணியாகப் பிரிந்து கிடக்கிறோம். வண்டி நிறுத்தும் இடத்தைப் பற்றிய தகராறு வேறு. லிஃப்டில் பார்த்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் அவர்களுக்குப் பிடித்தமான ஓர் அன்றாடத் தருணத்தின் படத்தை வாங்கி, பொது அறையில் ஒட்டி, ஒரு மாலை எல்லோரும் கூடிப் பார்க்கலாமே என்று தோன்றியது. என் மகனோ, "படம் ஒட்டினா சண்டை தீந்துடுமாம்மா?" என்று சிரிக்கிறான். இதைச் செய்யலாமா, விட்டுவிடலாமா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: செய்யுங்கள். ஆனால் உங்கள் மகன் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது.

1914 டிசம்பரில், முதல் உலகப் போரின் மேற்கு முனையில் நடந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். கிறிஸ்துமஸையொட்டிப் பல இடங்களில் பிரிட்டிஷ், ஜெர்மன் சிப்பாய்கள் பதுங்குகுழிகளை விட்டு வெளியே வந்தார்கள். பாட்டுப் பாடினார்கள், சிகரெட்டையும் சட்டைப் பொத்தானையும் மாற்றிக்கொண்டார்கள், இறந்தவர்களைப் புதைத்தார்கள். யாரும் உத்தரவு போட்டு இது நடக்கவில்லை. அப்புறம் என்ன ஆனது? போர் 1918 வரை நீடித்தது. மறுபடி இப்படி நடக்கக்கூடாது என்று மேலதிகாரிகள் கடுமையாகத் தடை போட்டார்கள். எதிரியின் கையிலிருந்து சிகரெட் வாங்கிப் பற்றவைத்தவனுக்கு மறுநாள் அவனைக் குறிபார்ப்பது கஷ்டம் என்பது அவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்? ஆக, அந்தச் சின்னச் சின்னத் தருணங்களுக்குச் சக்தி உண்டு. போரை நிறுத்துகிற அளவுக்கு இல்லை, அவ்வளவுதான்.

உங்கள் திட்டத்தில் எனக்கு இருக்கும் ஒரே கவலை, "எல்லோரும் கூடிப் பார்க்கலாம்" என்ற இடத்தில். கூட்டிவைத்தால் மட்டும் போதாது. 1954 கோடையில் அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில் முசாபர் ஷெரீப் என்ற உளவியலாளர் ஒரு முகாம் நடத்தினார். வந்தவர்கள் 22 பையன்கள், எல்லோருக்கும் 11 வயதையொட்டி. ஒரே மாதிரிக் குடும்பங்கள், ஒரே மதம், ஒரே நிறம். அவர்களை இரண்டு அணியாகப் பிரித்து, பரிசு வைத்துப் போட்டி நடத்தினார்கள். சில நாட்களிலேயே ஒருவர் கொடியை மற்றவர் எரிப்பதும் அடுத்தவர் அறைக்குள் புகுந்து சாமான்களைக் கலைப்பதுமாகிவிட்டது. (பெரியவர்களே மூட்டிவிட்ட சண்டைதானே என்று பின்னாளில் பலர் குறை சொன்னார்கள். நியாயமான குறைதான். ஆனால் குடியிருப்புச் சங்கத் தேர்தலை நடத்துவதும் பெரியவர்கள்தானே!)

அடுத்து வந்ததுதான் நீங்கள் கவனிக்க வேண்டிய பகுதி. இரு அணியையும் ஒரே அறையில் சாப்பிட வைத்தார்கள், சேர்ந்து சினிமா பார்க்க வைத்தார்கள். ஒன்றும் சரியாகவில்லை. சாப்பாட்டு அறை, சாப்பாட்டை வீசி அடித்துக்கொள்ளும் இடமானது. பிறகு முகாமுக்குத் தண்ணீர் வருவது நின்றுபோகும்படி செய்தார்கள். எங்கே கோளாறு என்று இரண்டு அணியும் சேர்ந்து தேட வேண்டியதாயிற்று. இன்னொரு நாள் சாப்பாடு கொண்டுவர வேண்டிய லாரி கிளம்ப மறுத்தது. எல்லோருமாகக் கயிறு கட்டி இழுத்தார்கள், அதுவும் எதிரெதிராக நின்று இழுவைப் போட்டி நடத்திய அதே கயிற்றால். இப்படிச் சில வேலைகள் சேர்ந்து செய்த பிறகு, ஊர் திரும்பும்போது ஒரே பஸ் போதும் என்று சொல்லும் அளவுக்கு வந்தார்கள். ஓர் அணி தன் பரிசுப் பணத்தில் மற்ற அணிக்கும் சேர்த்துக் குடிக்க வாங்கிக் கொடுத்தது.

அதனால், படங்களை நீங்களே ஒட்டி முடித்துவிட்டு எல்லோரையும் பார்க்கக் கூப்பிடாதீர்கள். ஒட்டும் வேலையை அவர்களிடமே விடுங்கள். ஒரு அணியிலிருந்து இருவர், மற்ற அணியிலிருந்து இருவர் என்று கலந்து பிரியுங்கள். படம் வாங்க வீடு வீடாகப் போவது, பிரதி எடுப்பது, எந்தப் படத்தை எங்கே வைப்பது என்று முடிவு செய்வது, எல்லாமே அவர்கள் பொறுப்பு. "இது கொஞ்சம் சாய்ஞ்சிருக்கு பாருங்க" என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் சரி செய்ய வேண்டும். ஆறு மாதமாகப் பேசாதவர்களுக்குப் பேச்சைத் தொடங்க இதைவிடச் சுலபமான சாக்கு கிடைக்காது. ஏணி பிடிக்க உங்கள் மகனையே நிறுத்துங்கள்.

படம் அன்றாடத் தருணமாக இருக்க வேண்டும் என்ற உங்கள் நிபந்தனையை மட்டும் தளர்த்திவிடாதீர்கள். எனக்கு இந்த யோசனையில் மிகவும் பிடித்ததே அதுதான். கல்யாணம், வெளிநாட்டுப் பயணம், புது கார் என்று படங்கள் வந்தால், சுவரிலும் ஒரு போட்டி ஆரம்பித்துவிடும். நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போன அப்பா, முதன்முதலாகத் தானே செருப்பு மாட்டிக்கொள்ளும் குழந்தை, மழை வருகிறதென்று துணியை அள்ளிக்கொண்டு ஓடும் பாட்டி: இதில் பெரிய வீடு, சின்ன வீடு கிடையாது. விரோதம் குறைய வேண்டுமானால் சேர்கிறவர்கள் அங்கே சமமாக இருக்க வேண்டும், மேலே இருப்பவர்களின் ஆதரவும் வேண்டும் என்று கார்டன் ஆல்போர்ட் என்ற உளவியலாளர் 1954-லேயே எழுதிவைத்தார். எனவே இரு அணித் தலைவர்களிடமும் நேரில் போய்ச் சொல்லுங்கள். முதலில் எதிரணித் தலைவரிடம் போங்கள். அவர் வீட்டுப் படம் முதலில் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

ரொம்பவும் எதிர்பார்க்கவும் வேண்டாம். வடக்கு இராக்கில் கிறிஸ்தவ, முஸ்லிம் ஆட்டக்காரர்களைக் கலந்து கால்பந்து அணிகள் அமைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2020-இல் வெளியானது. சேர்ந்து ஆடியவர்கள் தங்களுக்குள் நெருக்கமானார்கள், தொடர் முடிந்த பிறகும் கலந்தே பயிற்சி எடுத்தார்கள். மைதானத்துக்கு வெளியே முன்பின் தெரியாதவர்களிடம் மட்டும் அந்த மாற்றம் அவ்வளவாகப் பரவவில்லை. உங்கள் குடியிருப்பிலும் அப்படித்தான் இருக்கும். படம் ஒட்ட வந்த நாலு பேர் லிஃப்டில் சிரிப்பார்கள், வராதவர்கள் முறைத்துக்கொண்டேதான் இருப்பார்கள். அடுத்த வேலைக்கு அவர்களைக் கூப்பிடுங்கள்.

இன்னொன்று. வண்டி நிறுத்தும் பிரச்சினையை இந்த மாலை தீர்க்காது. தீர்க்கவும் விடாதீர்கள். யாராவது கிளப்பினால், "அதுக்கு வேற நாள் வச்சிருக்கோம்" என்று சொல்லிவிடுங்கள். அந்த நாளையும் நேரத்தையும் முன்னதாகவே முடிவு செய்து அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்டுவிடுங்கள். இல்லையென்றால், படத்தைக் காட்டிப் பிரச்சினையை மூடி மறைக்கிறீர்கள் என்ற பேச்சு வரும்.