அப்பாவின் முதல் நாள் ஸ்கேன் படத்தை விடாதீர்கள்

கேள்வி: அப்பாவுக்கு 71 வயது. நான்கு மாதங்களுக்கு முன் காலையில் எழுந்தபோது இடது கண்ணில் கீழ்ப்பாதி தெரியவில்லை. தனியார் கண் மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்து, ரத்த ஓட்டம் குறைந்து பார்வை நரம்பு வீங்கியிருக்கிறது என்று சொட்டு மருந்து கொடுத்து அனுப்பினார்கள். தலைவலி, மெல்லும்போது தாடைவலி என்று சொல்லியும் ரத்தப் பரிசோதனை செய்யவில்லை. மூன்றே வாரத்தில் வலது கண்ணும் போய்விட்டது. வேறு இடத்தில் பயாப்ஸி (திசுப் பரிசோதனை) செய்து, ரத்தக்குழாய் அழற்சி என்றார்கள். பழைய மருத்துவமனை படங்களைத் தர மறுக்கிறது. வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம். ஆனால் முதல் வேலை அந்தப் படங்கள். நரம்பின் வீக்கம் சில வாரங்களில் வடிந்து, நரம்பு மெலிந்துவிடும். இன்று எத்தனை ஓசிடி (நரம்பின் தடிமனைக் காட்டும் கண் ஸ்கேன்) எடுத்தாலும் மெலிந்த நரம்புதான் தெரியும். அன்று டாக்டர் பார்த்த வீக்கம் அன்றைய படத்தில் மட்டுமே இருக்கிறது.

2002 மருத்துவக் கவுன்சில் ஒழுக்க விதிகளின்படி, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும். அப்பா பெயரில் எழுதிக் கொடுத்து, நகலில் தேதியோடு சீல் வாங்குங்கள். ஓசிடி, ஃபண்டஸ் போட்டோ (கண்ணின் உட்புறப் படம்), ஃபீல்டு டெஸ்ட் (பார்வைப் பரப்புச் சோதனை), கேஸ் ஷீட் (டாக்டரின் குறிப்புகள்) எல்லாம் கேளுங்கள். கறுப்பு வெள்ளை ஜெராக்ஸ் வேண்டாம். ஓசிடி தாளில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறத்தில்தான் விஷயமே இருக்கிறது. தேதியையும், ஓ.எஸ். (இடது கண்) என்று இருக்கிறதா என்பதையும் அங்கேயே பாருங்கள். மூன்று வருடம் பாதுகாக்க வேண்டும் என்ற விதி உள்நோயாளிகளுக்குத்தான். அப்பா புறநோயாளி என்றால் தாமதிக்கவே கூடாது.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். இடது கண்ணுக்காக வெல்வது கடினம். பார்வை ஏற்கெனவே போன பிறகுதான் அங்கே வந்திருக்கிறீர்கள். உங்கள் வழக்கு வலது கண்ணைப் பற்றியது. தலைவலியும் தாடைவலியும் ரத்தக்குழாய் அழற்சியின் அறிகுறிகள். இந்த வயதில் அவற்றோடு வந்தவருக்கு ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. (அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனைகள்) பார்ப்பது அடிப்படை. சந்தேகம் வலுவாக இருந்தால் பயாப்ஸிக்குக் காத்திராமல் ஸ்டீராய்டு தொடங்குவார்கள். அடுத்த கண்ணைக் காப்பாற்றத்தான் அது. அதனால் கேஸ் ஷீட்டில் 'தாடைவலி' என்று எழுதியிருக்கிறதா என்று வரி வரியாகத் தேடுங்கள். இல்லையென்றால், உடன் போனவர் பிரமாண வாக்குமூலம் தர வேண்டியிருக்கும்.

அப்புறம், நரம்பியல் கண் மருத்துவர் ஒருவரிடம் எழுத்தில் கருத்து வாங்குங்கள். நீங்கள் வசிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போடலாம். கெடு இரண்டு வருடம். சிகிச்சைக்குக் கட்டியது 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. கிரிமினல் புகார் வேண்டாம். உச்ச நீதிமன்றத்தின் 2005 ஜேக்கப் மேத்யூ தீர்ப்புக்குப் பிறகு அதற்கு மிகக் கடுமையான அலட்சியத்தை நிரூபிக்க வேண்டும்.

படம் அழிந்துவிட்டது என்றால் அதையும் எழுத்தில் வாங்குங்கள். ஆணையத்தில் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தான்.