சிவப்புக் குறிக்கு மூன்று நகர்வு முன்னால்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஈரோட்டில் ஒரு செஸ் கிளப்பின் உள்போட்டிகளில் ஆடுகிறேன். ஆளுக்கு 60 நிமிடம், ஒவ்வொரு நகர்வுக்கும் 30 வினாடி கூடுதல். ஒவ்வொரு ஆட்டமும் முடிந்ததும் வீட்டுக்கு வந்து லிச்செஸ் இணையதளத்தில் ஏற்றி இன்ஜினை, அதாவது நகர்வுகளைக் கணக்கிடும் கணினி நிரலை, ஓடவிடுகிறேன். பெரிய தவறுகளுக்கு அது வைக்கும் சிவப்புக் குறிகளைப் பார்க்கிறேன், சரியான நகர்வு எது என்று தெரிந்துகொள்கிறேன். அடுத்த வாரம் வேறு இடத்தில் அதே மாதிரி தோற்கிறேன்.

இரண்டு ஆட்டங்கள் இணைத்துள்ளேன். முதலாவதில் வெள்ளை நான். 11ஆம் நகர்வில் எதிராளியின் ராணியை வெட்டினேன், 14இல் ஆட்டமே போய்விட்டது. 9 முதல் 11 வரையான நகர்வுகளை மொத்தம் இரண்டு நிமிடத்தில் ஆடினேன். 9க்குப் பிறகு இன்ஜின் மூன்று சிவப்புக் குறி வைத்தது. இரண்டாவதில் ஒரு சிப்பாய் கூடுதலாக இருந்தும் டிரா. கிளப்பில் பயிற்சியாளர் யாரும் இல்லை. என் ஆட்டத்தை நானே அலசுவது எப்படி? என் நகர்வுகளின் துல்லியம் 81 சதவீதம் என்று லிச்செஸ் காட்டுவதற்கு ஏதாவது அர்த்தம் உண்டா?

ஆர்., ஈரோடு

அன்புள்ள ஆர்.,

இரண்டு ஆட்டத்தையும் பலகையில் காய் வைத்துப் பார்த்தேன். நீங்கள் அலசவில்லை, விடைத்தாளைத்தான் பார்க்கிறீர்கள். எந்த நகர்வு தவறு என்பதை இன்ஜின் சொல்லும். அந்த நகர்வை ஆட வைத்த நினைப்பு எது என்று அதற்குத் தெரியாது. அது உங்களுக்கு மட்டும்தான் தெரியும், அதுவும் ஓரிரு நாளைக்குத்தான். அதனால்தான் வரிசை முக்கியம். முதலில் நீங்கள், பிறகு எதிராளி, கடைசியில் இன்ஜின்.

முதல் ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். இத்தாலியத் திறப்பு. (கட்டத்தின் பெயரில் எழுத்து நெடுவரிசை, எண் கிடைவரிசை; ஒவ்வொரு ஜோடியிலும் முதலில் உங்கள் நகர்வு, பிறகு அவருடையது.) இ4 இ5, குதிரை எஃப்3, குதிரை சி6, பிஷப் சி4, பிஷப் சி5. 4இல் காசலிங் செய்தீர்கள் (ராஜாவை ஓரத்துக்கு நகர்த்தி யானையை அதன் மறுபக்கம் வைப்பது), அவர் குதிரையை எஃப்6க்குக் கொண்டுவந்தார். 5இல் டி3, அவர் டி6. 6இல் பிஷப்பை ஜி5க்குக் கொண்டுபோய் அந்தக் குதிரையைக் கட்டிப்போட்டீர்கள், அது விலகினால் பின்னால் உள்ள ராணி போய்விடும். ஹெச்6, பிஷப் ஹெச்4, ஜி5, பிஷப் ஜி3, ஹெச்5. 9இல் குதிரையால் ஜி5 சிப்பாயை வெட்டினீர்கள், அவர் ஹெச்4 தள்ளினார். 10இல் குதிரை எஃப்7 சிப்பாயை வெட்டி ராணி, யானை இரண்டையும் ஒருசேரத் தாக்கியது. அவர் எதையும் காப்பாற்றாமல் சிப்பாயால் ஜி3 பிஷப்பை வெட்டினார். 11இல் நீங்கள் ராணியை எடுத்தீர்கள். பிஷப் ஜி4. ராணி டி2, குதிரை டி4. குதிரை சி3, குதிரை எஃப்3இல் செக். ஜி சிப்பாயால் வெட்டினீர்கள், பிஷப் எஃப்3இல் வந்து உட்கார்ந்தது. இனி ஹெச் சிப்பாயால் ஜி3இல் வெட்டினால் யானை ஹெச்1இல் மேட். வெட்டாவிட்டால் அவருடைய ஜி3 சிப்பாய் ஹெச்2ஐ வெட்டி மேட்.

ரஷ்ய வீரர் சிகோரின் 1874இல் இதே வரிசையில் ஜெயித்திருக்கிறார். 1862இல் லண்டனில், பின்னாளில் உலக சாம்பியனான ஸ்டைனிட்ஸ் கறுப்பில் ஆடியதும் 8ஆம் நகர்வின் ஹெச்5 வரை இதே வழிதான். அதனால் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆனால் பார்க்க நிறைய இருக்கிறது.

சிவப்புக் குறிகள் 9இலிருந்து தொடங்குகின்றன. 9இல் ஹெச்4 என்று சிப்பாயைத் தள்ளித் தடுத்திருந்தால் தாக்குப்பிடித்திருக்கலாம் என்று இன்ஜின் சொல்லியிருக்கும், அதுவும் சரிதான். ஆனால் கதை 6இல் தொடங்கிவிட்டது. அங்கே சிவப்பு வராது, யார் மேல் என்று இன்ஜின் காட்டும் எண்ணும் பெரிதாக இறங்காது. எஃப்6 குதிரையைப் பிஷப்பால் கட்டிப்போடுவது, எதிராளி ராஜா பக்கம் காசலிங் செய்த பிறகு நல்ல யோசனை. அப்போது அவர் ஹெச்6, ஜி5 என்று தள்ளினால் தன் ராஜாவுக்கு முன்னால் உள்ள சுவரைத் தானே இடிக்கிறார். அவருடைய ராஜா இன்னும் இ8இல் இருக்கும்போது அதே தள்ளலுக்கு அவர் விலை கொடுப்பதே இல்லை. உங்கள் ராஜாதான் ஜி1இல் போய் நிற்கிறது, சிப்பாய்கள் அதை நோக்கித்தான் ஓடிவருகின்றன. ‘கட்டிப்போட்டால் நல்லது’ என்று மட்டும் நினைவில் இருந்தது, ‘எப்போது நல்லது’ என்பது இல்லை. இதை நீங்களே கண்டுபிடித்து எழுதினால் ஒட்டும்.

இரண்டாவது, அந்த இரண்டு நிமிடம். 10இல் ராணியும் யானையும் ஒரே அடியில் சிக்கியதைப் பார்த்ததும் உங்கள் கணக்கு நின்றுவிட்டது. கிளப் ஆட்டங்களில் மிகச் சாதாரணமாக நடப்பது இதுதான். காய் கிடைக்கும் இடத்தில் கணக்கை முடித்துவிடுகிறோம். அதற்கு அடுத்த ஒரு நகர்வைப் பார்க்க வேண்டும்: அங்கே எதிராளிக்கு என்ன செக் இருக்கிறது, எதை வெட்டுவார், எதை மிரட்டுவார்? ஒருவர் ராணியை விட்டுவிட்டு பிஷப்பை வெட்டுகிறார் என்றால், ஏன் என்று கேட்காமல் கையை நீட்டக் கூடாது. ஹெச் வரிசை திறந்து யானை நேராக உங்கள் ஹெச்2வைப் பார்க்கிறது என்பது 10இலேயே பலகையில் தெரிந்தது.

நேரம் எவ்வளவு ஆனது என்று நீங்கள் சொன்னதால்தான் இதைச் சொல்ல முடிந்தது. ஆகவே முதல் வேலை ஸ்கோர் ஷீட்டில். ஒவ்வொரு நகர்வுக்குப் பக்கத்திலும் கடிகாரத்தில் மீதமுள்ள நிமிடத்தைச் சின்னதாகக் குறித்துவையுங்கள். எல்லாவற்றுக்கும் முடியாவிட்டால் ஐந்து நகர்வுக்கு ஒருமுறை. உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிகளில் 8ஆம் பிரிவு இதை அனுமதிக்கிறது: நகர்வு, கடிகார நேரம், டிரா கேட்டது போன்றவற்றை எழுதலாம். ஆட்டம் நடக்கும்போது நினைப்பை எழுதக் கூடாது. அது குறிப்பு வைத்துக்கொள்வதாகிவிடும், ஆர்பிட்டர் (நடுவர்) கண்டிப்பார். 30 வினாடி கூடுதல் இருப்பதால் நீங்கள் கடைசி வரை எழுதியே ஆக வேண்டும், அது உங்களுக்கு நல்லது. கூடுதல் நேரமே இல்லாத போட்டிகளில் ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் எழுதக் கட்டாயம் இல்லை. தோற்கும் இடமும் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். அப்படி ஆனால் அன்று இரவே நினைவிலிருந்து எழுதி முடித்துவிடுங்கள்.

ஏற்றும்போது ‘இந்த நகர்வு செல்லாது’ என்று வந்தால் அந்த வரியை மட்டும் திருத்தாதீர்கள். தப்பு அங்கே தெரிகிறது, நடந்தது மூன்று நான்கு நகர்வுக்கு முன்னால். இரண்டு குதிரையும் டி2க்குப் போக முடியும்போது எது போனது என்று எழுதாமல் விட்டிருப்பீர்கள், யானைக்கும் அதேதான். கறுப்பில் ஆடும்போது ஏ பக்கத்தையும் ஹெச் பக்கத்தையும் மாற்றி எழுதுவதும் உண்டு.

ஆட்டம் முடிந்ததும் எதிராளியோடு பதினைந்து நிமிடம் உட்காருங்கள். ஹாலுக்குள் வேண்டாம். ஆடி முடித்தவர் விதிப்படி பார்வையாளர்தான், மற்றவர்கள் ஆடிக்கொண்டிருப்பார்கள். வராந்தாவோ டீக்கடையோ போதும். யார் சரி என்று வாதாடாமல் ஒரே கேள்வி கேளுங்கள்: “இந்த இடத்துல நீங்க எதுக்குப் பயந்தீங்க?” நீங்கள் பார்க்கவே பார்க்காத ஒரு நகர்வைச் சொல்வார். சிலசமயம் நீங்கள் பயந்து நடுங்கிய மிரட்டலை அவர் கவனித்தே இருக்க மாட்டார். இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். இந்தத் தகவல் எந்த இன்ஜினிலும் கிடைக்காது.

மறுநாளைக்குள் நிஜப் பலகையில் காய் வைத்து ஆட்டத்தை ஓட்டுங்கள். போன் பக்கத்தில் வேண்டாம். தெரிந்த திறப்பு முடியும் இடத்திலிருந்து ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரு வரி எழுதுங்கள், அன்று நினைத்ததை அன்றைய சொல்லிலேயே. ‘அவன் யானையைத் தூக்கிடுவான்னு பயந்து ஓடினேன்’ என்றால் அப்படியே. இன்று தெரிவதை அன்றே நினைத்ததாக எழுதினால் முழு வேலையும் வீண். பிறகு மூன்று இடங்களைக் குறியுங்கள்: அதிக நேரம் எடுத்த இடம், காய் மாற்றிக்கொள்வதா வேண்டாமா என்று முடிவெடுத்த இடம், ‘இனி நான் ஜெயிக்கிறேன்’ அல்லது ‘போச்சு’ என்று மனதில் பட்ட இடம். ஒவ்வொன்றிலும் வேறு இரண்டு நகர்வுகளை நீங்களே தேடி, நான்கைந்து நகர்வு ஓட்டிப் பார்த்து, யார் மேல் என்று எழுதிவையுங்கள். 60 நிமிட ஆட்டத்துக்கு இதற்கே இரண்டு மணி நேரம் பிடிக்கும். வாரத்துக்கு ஒரு ஆட்டத்தை இப்படிச் செய்தால் போதும், பத்து ஆட்டத்தை மேலோட்டமாகப் பார்ப்பதைவிட மேல்.

சொந்த ஆட்டங்களுக்கு விரிவாகக் குறிப்பெழுதி அதை வெளியிட வேண்டும், பிறர் தப்புக் கண்டுபிடிக்கட்டும் என்பது முன்னாள் உலக சாம்பியன் போட்வின்னிக் வலியுறுத்திய முறை. நீங்களும் எழுதியதைக் கிளப் வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். பயிற்சியாளர் இல்லாத கிளப்பில் நான்கு பேர் கண் அந்த வேலையில் பாதியைச் செய்யும். சென்னையில் செஸ் வீரர் மேனுவல் ஆரன் 1972இல் சோவியத் கலாச்சார மையத்தில் டால் செஸ் கிளப்பைத் தொடங்கியபோது இன்றைய இன்ஜின்கள் கிடையாது. ஒருவர் ஆட்டத்தை இன்னொருவர்தான் சரிபார்க்க வேண்டும். சிறுவன் ஆனந்த் ஆடிப் பழகியது அங்கேதான்.

இதெல்லாம் ஆன பிறகு இன்ஜின். எண் முதல் வினாடியில் துள்ளும். எவ்வளவு தூரம் முன்னோக்கிப் பார்க்கிறது என்பதைக் காட்டும் ஆழம் 20ஐத் தாண்டும்வரை பொறுங்கள். 0.3, 0.5 வித்தியாசங்களை விட்டுவிடுங்கள். உங்கள் மட்டத்தில் ஆட்டத்தை அவை தீர்மானிப்பதில்லை. எண் இரண்டுக்கு மேல் சாய்ந்த இடங்களை மட்டும் பாருங்கள். லிச்செஸில் ஓடும் ஸ்டாக்ஃபிஷ் என்ற இன்ஜினின் 15.1 பதிப்பிலிருந்து +1 என்பது ஒரு சிப்பாய் கூடுதல் என்ற கணக்கு அல்ல. தனக்கு நிகரான பலமுள்ள எதிராளியிடம் இன்ஜின் ஜெயிக்க 50 சதவீத வாய்ப்பு என்று பொருள். நீங்களும் உங்கள் எதிராளியும் ஸ்டாக்ஃபிஷ் இல்லை. இன்ஜின் காட்டும் நகர்வு ஏன் நல்லது என்று புரியாவிட்டால் அதைக் குறித்துக்கொண்டு நகர வேண்டாம். நீங்கள் ஆட நினைத்ததை ஆடி, அது எப்படி உடைக்கிறது என்று பாருங்கள். காரணம் அங்கே தெரிந்துவிடும்.

உங்கள் சிவப்புக்கு அடுத்ததாகவே எதிராளிக்கும் சிவப்பு வந்தால் அங்கே கட்டாயம் நில்லுங்கள். இருவருமே பார்க்காத ஒன்று பலகையில் இருந்திருக்கிறது. ஜெயித்த ஆட்டங்களில்தான் இந்த ஜோடிச் சிவப்பு ஒளிந்திருக்கும். அதனால் ஜெயித்தவற்றையும் அலசுங்கள்.

துல்லிய சதவீதத்தை மறந்துவிடுங்கள். 15 நகர்வில் எல்லாக் காயையும் மாற்றிக்கொண்டு டிரா செய்தால் 95 வரும். 50 நகர்வு போராடி ஜெயித்தால் 78 வரலாம்.

இரண்டாவது ஆட்டம் சின்னது, ஆனால் அருமையானது. கடைசி யானைகள் மாறிய பிறகு உங்கள் ராஜா டி3, சிப்பாய் இ2. அவருடைய ராஜா இ6. நகர்வு உங்களுடையது. நீங்கள் சிப்பாயை இ4க்குத் தள்ளினீர்கள். அவர் ராஜா இ5இல் வந்து எதிரே நின்றது, டிரா. ராஜாவை இ4க்கு எடுத்துப்போயிருந்தால் வெற்றி. ஏன் என்றால், ராஜா முன்னே போக வேண்டும், சிப்பாய் பின்னால் வர வேண்டும். இ2இல் இருக்கும் சிப்பாய்க்கு ராஜா டி4, இ4, எஃப்4 இவற்றில் ஒன்றைப் பிடித்துவிட்டால் போதும், நகர்வு யாருடையதானாலும் வெற்றி. அதுமட்டுமல்ல, சிப்பாய் இ2இலேயே இருந்தால் ஒரு நகர்வு கையிருப்பில் இருக்கிறது. ராஜா இ4, எதிராளி ராஜா இ6, நகர்வு உங்களுடையது என்றால்கூட இ3 என்று ஒரு கட்டம் தள்ளிவிட்டு, விலகும் கட்டாயத்தை அவர் தலையில் கட்டலாம். அதே நிலையில் சிப்பாய் ஏற்கெனவே இ3இல் இருந்து நகர்வும் உங்களுடையதானால் டிரா. அதனால்தான் அவசரப்பட்டுத் தள்ளக் கூடாது. இன்று இரவு பலகையை எடுங்கள், மூன்றே காய்தான். வீட்டில் யாரையாவது கறுப்பு ராஜாவோடு உட்காரவைத்து, பத்து தடவை ஜெயித்துக் காட்டுங்கள்.

திறப்புகளுக்கு அதிக நேரம் வேண்டாம். தெரிந்த பாதையிலிருந்து முதலில் விலகியது யார், எந்த நகர்வில், அங்கே என்ன ஆடுவது வழக்கம் என்று ஒரே ஒரு நகர்வைச் சேர்த்துக்கொண்டு விடுங்கள்.

கடைசியாக ஒரு நோட்டு. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு வரி: தேதி, நிறம், தீர்மானித்த நகர்வு எண், அப்போது கடிகாரம், காரணம். காரணம் உங்கள் சொல்லிலேயே இருக்கட்டும், ஆனால் ஒரே சொல்லைத் திரும்பப் பயன்படுத்துங்கள். எதிராளி மிரட்டலைப் பார்க்கவில்லை, கணக்கைப் பாதியில் நிறுத்தினேன், நேரம் இல்லை, முடிவாட்டம் தெரியாது, ஜெயித்துவிட்டதாக நினைத்து அசந்தேன். இருபது ஆட்டம் சேர்ந்ததும் எண்ணுங்கள். எது அதிகமோ அடுத்த இரண்டு மாதப் பயிற்சி அதில்தான். ‘கணக்கைப் பாதியில் நிறுத்தினேன்’ என்றால், புதிர்களை விரைவாகப் போடுவதை நிறுத்திவிட்டு, ஒரு புதிருக்குப் பத்து நிமிடம் எடுத்து, எதிராளியின் கடைசிப் பதில்வரை எழுதிய பிறகே விடையைப் பாருங்கள். ‘முடிவாட்டம் தெரியாது’ என்றால் ராஜா, சிப்பாய், யானை முடிவாட்டங்கள் மட்டும்.

பணம் கொடுத்துப் பயிற்சியாளரைப் பிடிப்பதானால் அந்த இருபது வரி நோட்டோடு போங்கள். முதல் வகுப்பிலேயே என்ன சொல்லித்தர வேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

அடுத்த ஆட்டத்தை அனுப்பும்போது நகர்வுகளோடு கடிகார நேரத்தையும், இன்ஜினைத் தொடும் முன் நீங்கள் எழுதிய குறிப்பையும் சேர்த்து அனுப்புங்கள்.