எதிர்காலத்துக்குப் போன காலப்பயணி, புறப்பட்ட நாளுக்கே வீடு திரும்ப முடியுமா?

நாம் அறிந்த இயற்பியலின்படி முன்னோக்கிப் போக வழி உண்டு. திரும்பி வர நடைமுறையில் வழி இல்லை. ஐன்ஸ்டைன் 1915-இல் முன்வைத்த ஈர்ப்புக் கோட்பாடான பொதுச் சார்பியலின்படி ஈர்ப்பின் ஆழத்தில் காலம் மெதுவாக ஓடுவதால், சேலம் நகரைவிடச் சுமார் 1,200 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டில் வைத்த அணுக்கடிகாரம் நாளொன்றுக்கு ஏறக்குறைய 11 நானோவினாடி (ஒரு நானோவினாடி, வினாடியின் நூறு கோடியில் ஒரு பங்கு) முந்திவிடும். மலைமேல் தங்கிவிட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்தில் இறங்கிச் சேலத்தின் அஸ்தம்பட்டிக்கு வருபவருக்கு, வீட்டிலேயே இருந்த தம்பிக்குக் கூடியதைவிட இம்மியளவு அதிகமாக வயது கூடியிருக்கும்; அதாவது, காலம் மெதுவாக ஓடிய கீழே இருந்த தம்பிதான் எதிர்காலத்துக்கு இம்மியளவு தாவியவர். மலையிறங்கி வந்ததால் அந்த வித்தியாசம் அழிந்துவிடாது. கடந்த காலத்துக்குத் திரும்பும் பாதையைக் கணிதவியலர் குர்ட் கோடல் 1949-இல் கணக்கில் காட்டினார் என்றாலும், அது முழுவதும் சுழலும் ஒரு பிரபஞ்சத்துக்கே பொருந்தும்; நம் பிரபஞ்சம் அப்படிச் சுழல்வதாகத் தெரியவில்லை.

ஆகவே 1960-இல் தருமபுரியிலிருந்து கிளம்பி இன்று வந்திறங்குபவர், சேலம் மாவட்டம் என்று முகவரி சொன்னால், 1965-லேயே தருமபுரி தனி மாவட்டமாகப் பிரிந்துவிட்டதென்று அறிவார். அவருக்குச் சொந்த இடம், என் கருத்தில், தம்பியின் பேரப்பிள்ளைகள் அவரை உறவுமுறை சொல்லி அழைக்கும் வீடுதான்.