துபாய் கடைக்கு ஆள் எடுக்கும் முன்

நண்பரே, துபாய் தேராவில் திறக்கப்போகும் உணவகத்துக்குத் திருநெல்வேலியிலிருந்து இரண்டு பரோட்டா மாஸ்டர்களை விசிட் விசாவில் வரவழைத்து, விசாச் செலவைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே கூடாது. வேலை அனுமதி கைக்கு வரும்வரை அவர்கள் கல்லின் முன் நிற்கவே கூடாது. பிடிபட்டால் பெரிய அபராதம் உங்கள் தலையில்தான் விழும். ஐக்கிய அரபு அமீரகத்தின் 2021ஆம் ஆண்டு 33ஆம் எண் தொழிலாளர் சட்டப்படி ஆள் எடுக்கும் செலவு முதலாளியுடையது. சுற்றிவளைத்தும் அதைத் தொழிலாளியிடம் வாங்கக் கூடாது. ஊரில் வட்டிக்குக் கடன் வாங்கிவிட்டு வருகிறவரிடம் இதையும் பிடித்தால், அவர் வீட்டுக்கு எதை அனுப்புவார்? தகுதிகாண் காலம் அதிகபட்சம் 6 மாதம். அதற்குள் நிறுத்தினாலும் 14 நாள் முன்னறிவிப்பு எழுத்தில் வேண்டும். பாஸ்போர்ட்டை வாங்கிப் பூட்டி வைக்காதீர்கள். ஒப்பந்தத்தைக் கையெழுத்துக்கு முன் தமிழில் படித்துக் காட்டுங்கள்.