ப்ராபப்ளிய எங்க போடணும்? வாசகர் கேள்வி, டீச்சர் பதில்

குன்னூர் வாசகி: டீச்சர், எங்க வீட்டு மாடில ரெண்டு ரூம ஹோம்ஸ்டேக்கு விடறோம். டிசம்பர் வந்துட்டா ஃப்ராஸ்ட் பாக்க முடியுமான்னு மெசேஜ் மேல மெசேஜ் வரும். ஒருத்தங்களுக்கு "யூ வில் டெஃபினிட்லி சீ ஃப்ராஸ்ட்"னு போட்டேன், அவங்க இருந்த ரெண்டு நாளும் ஒரே மேகமூட்டம், கோவத்துல ரிவ்யூல வெளுத்து வாங்கிட்டாங்க. இனிமே ப்ராபப்ளி சேத்துக்கலாம்னு பாத்தா அது "வில் ப்ராபப்ளி"யா "ப்ராபப்ளி வில்"லான்னே தெரியல.

பதில்: இடம் ஈஸிம்மா, அத முதல்ல சொல்லிடறேன். வில், கேன், மே, மஸ்ட், ஷுட் இதுல ஏதாவது ஒரு மோடல் வந்தா ப்ராபப்ளி, ஆல்வேஸ், நெவர், டெஃபினிட்லி மாதிரி அட்வெர்ப் எல்லாம் அதுக்கு அடுத்து, மெயின் வெர்புக்கு முன்னாடி வந்து உக்காரும். "யூ வில் ப்ராபப்ளி சீ ஃப்ராஸ்ட்." "யூ ப்ராபப்ளி வில்"னு பேச்சுல சொல்றவங்களும் உண்டு, அது தப்பில்ல, ஆனா எழுதறப்ப நடுவுல வைங்க. வோண்ட் வந்தா மட்டும் தலைகீழ், ப்ராபப்ளி முன்னாடி போயிடும்: "யூ ப்ராபப்ளி வோண்ட் சீ ஃப்ராஸ்ட் டுநைட்." "வோண்ட் ப்ராபப்ளி"ன்னா காதுக்கு ஒட்டாது.

ஆனா உங்களுக்கு ரிவ்யூல அடி விழுந்தது இடத்தால இல்ல, அளவால. உறைபனி எப்ப விழும்னு நம்ம மலைல இருக்கற எல்லாருக்கும் தெரியும், ராத்திரி வானம் துடைச்சு விட்ட மாதிரி இருக்கணும், காத்து அடிக்கக் கூடாது, அப்பதான் தரையோட சூடு மேல போயி புல்லு வெள்ளையாகும், மேகம் மூடிட்டா சூடு தங்கிடும், பனி விழாது. அதுவும் ஊட்டிய ஒட்டின தலைகுந்தா, காந்தல் பக்கம் விழற அளவுக்கு உயரம் கம்மியான குன்னூர்ல விழாது. ரெண்டு வாரம் முன்னாடி புக் பண்றவங்களுக்கு அன்னிக்கு ராத்திரி வானம் எப்படி இருக்கும்னு யாரு சொல்ல முடியும்? அங்க டெஃபினிட்லி போட்டா அது வாக்கு குடுத்த கணக்கு.

இங்கிலீஷ்ல அந்த அளவ மோடலும் அட்வெர்பும் சேந்துதான் சொல்லும். "மைட் பாஸிப்ளி"ன்னா நாம "விழுந்தாலும் விழும்"னு இழுக்கறோமே அந்த அளவு, வெறும் "மே"ன்னா அதுக்குக் கொஞ்சம் மேல, "மே வெல்"ன்னா நல்லாவே வாய்ப்பு இருக்கு, "வில் ப்ராபப்ளி" நம்ம "அனேகமா", "வில் ஆல்மோஸ்ட் சர்டன்லி" இன்னும் ஒரு படி மேல, "வில் டெஃபினிட்லி"க்கு அப்புறம் பேச்சே இல்ல. ரெண்டும் ஒரே பக்கம் இழுக்கணும், அதான் முக்கியம். "இட் மே டெஃபினிட்லி ரெயின்"னு எழுதினா ஒண்ணு இருக்கலாம்ங்குது, இன்னொண்ணு இருந்தே தீரும்ங்குது, படிக்கறவங்க எத நம்புவாங்க? நீங்க இப்படிப் போடுங்க: "யூ மே வெல் சீ ஃப்ராஸ்ட் நியர் ஊட்டி இஃப் த நைட் இஸ் க்ளியர், பட் வி காண்ட் ப்ராமிஸ் இட்." இதப் படிச்சுட்டு வர்றவங்க சண்டைக்கு வரமாட்டாங்க.

ஊட்டி டாக்சி ஓட்டும் வாசகர்: "ஐ காண்ட் ரியலி", "ஐ ரியலி காண்ட்", ரெண்டும் ஒண்ணுதானே டீச்சர்?

பதில்: இல்ல தம்பி, உங்க தொழில்ல இது ரொம்ப முக்கியம். நாட்-க்குப் பின்னாடி வர்ற அட்வெர்ப அந்த நாட் பிடிச்சுக்கும். "ஐ காண்ட் ரியலி டேக் யூ டவுன் கல்லட்டி டுநைட்"னு சொன்னா ரியலி நாட்டுக்குள்ள மாட்டிக்குது, கேக்கறவங்களுக்கு அது "அவ்வளவா முடியாதுங்க"ன்னு மழுப்பற மாதிரிதான் கேக்கும், உடனே கூட ஐநூறு தர்றேன்னு ஆரம்பிப்பாங்க. "ஐ ரியலி காண்ட்"ன்னா ரியலி வெளிய நின்னு மொத்தத்தையும் அழுத்துது, நிஜமாவே முடியாது, பேச்சு முடிஞ்சுது. 36 கொண்டை ஊசி வளைவு இருக்கற கல்லட்டி ரோட்டுக்கு மஞ்சு இறங்கின நேரத்துல வரமாட்டேன்னு சொல்றதுக்கு ரெண்டாவதுதான் வேணும்.

ஆல்வேஸும் இதே மாதிரிதான். "யூ காண்ட் ஆல்வேஸ் கெட் டாய் ட்ரெயின் டிக்கெட்ஸ்"ன்னா சில நாள் கிடைக்கும், சில நாள் கிடைக்காது. எப்பவுமே கிடைக்காதுன்னு சொல்லணும்னா "யூ கேன் நெவர் கெட்". இத மாத்திச் சொன்னா பாவம், அவங்க ஸ்டேஷன் பக்கமே போகாம ஊருக்குத் திரும்பிடுவாங்க.

கோத்தகிரி, தேயிலை ஃபேக்டரி சூப்பர்வைசர்: போர்டு எழுதறோம். "லீவ்ஸ் மஸ்ட் கேர்ஃபுல்லி பி ப்ளக்ட்" சரியா?

பதில்: கேர்ஃபுல்லிய ப்ளக்ட் பக்கத்துல கொண்டு போங்க: "லீவ்ஸ் மஸ்ட் பி கேர்ஃபுல்லி ப்ளக்ட்." எப்படிப் பறிக்கறதுன்னு சொல்ற அட்வெர்ப் பறிக்கற சொல்ல ஒட்டி நிக்கும், எப்பப்பன்னு சொல்றது மோடல ஒட்டி நிக்கும். ரெண்டும் வேணும்னா "லீவ்ஸ் மஸ்ட் ஆல்வேஸ் பி கேர்ஃபுல்லி ப்ளக்ட்." ஆனா என்னக் கேட்டா கேர்ஃபுல்லிய விட்டுட்டு "டூ லீவ்ஸ் அண்ட் எ பட் ஒன்லி"ன்னு போட்டுடலாம், ரெண்டு இலை ஒரு மொட்டுன்னா கொழுந்து எடுக்கறவங்களுக்கு வேற விளக்கமே தேவையில்ல.

கூடலூர் கல்லூரி மாணவி: வில்லுக்கும் வெர்புக்கும் நடுவுல எதையும் செருகக் கூடாது, வெர்ப் உடைஞ்சிடும்னு எங்க சார் மார்க் குறைச்சுட்டார். நீங்க நடுவுலதான்னு எழுதறீங்களே?

பதில்: நடுவுலதாம்மா, இதுல எனக்கு ரெண்டாவது எண்ணமே கிடையாது. உங்க சார் சொல்றத நம்பறவங்க உலகம் பூரா இருக்காங்க, லத்தீன்ல "வருவான்"ங்கறது ஒரே சொல்லு, பிரிக்க முடியாது, அதே மரியாதைய இங்கிலீஷுக்கும் குடுக்கணும்னு பழைய ஆளுங்க நினைச்சதுல வளந்ததுன்னு சொல்வாங்க. இங்கிலீஷ் அப்படிக் கட்டின மொழியே இல்ல.

2009 ஜனவரி 20ஆம் தேதி வாஷிங்டன்ல ஒபாமா பதவி ஏத்துக்கறார். 1787ல எழுதின அவங்க அரசியல் சட்டத்துலயே அந்த உறுதிமொழி வார்த்தைக்கு வார்த்தை இருக்கு: "ஐ வில் ஃபெய்த்ஃபுலி எக்ஸிக்யூட் தி ஆஃபீஸ் ஆஃப் ப்ரெசிடெண்ட்." மோடல், அட்வெர்ப், வெர்ப், நான் மேல சொன்ன அதே வரிசை. சொல்லிக் குடுத்த தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் பேப்பர் இல்லாம மனப்பாடமா சொன்னார், சொல்றப்ப ஃபெய்த்ஃபுலிய தூக்கி கடைசில போட்டுட்டார். ஒபாமா அங்கயே நின்னுட்டார், ஏதோ சரியில்லன்னு தெரிஞ்சுது, ராபர்ட்ஸ் திருத்தப் பாத்தார், அப்பவும் சொற்கள் ஒழுங்கா விழல, கடைசில ஒபாமாவும் ஃபெய்த்ஃபுலிய கடைசிலயே வச்சு முடிச்சார். யாரும் பின்னாடி கேள்வி எழுப்பக் கூடாதுன்னு மறுநாள் சாயங்காலம் வெள்ளை மாளிகைல வச்சு அதே ராபர்ட்ஸ் திரும்பவும் உறுதிமொழி செஞ்சு வச்சார். ஸ்டீவன் பிங்கர்னு ஒரு மொழியியலாளர், ராபர்ட்ஸ் மனசுல இந்த "வெர்ப உடைக்காதே" பழக்கம் ஊறிப் போயிருந்ததாலதான் அட்வெர்ப் தானா நகந்துச்சுன்னு எழுதினார். அது சரியோ இல்லையோ, அரசியல் சட்டம் எழுதினவங்க அட்வெர்ப எங்க வச்சாங்கங்கறதுல சந்தேகம் இல்ல. சார்கிட்ட மரியாதையா இந்த வரியக் காட்டும்மா.

அதே மாணவி: "மஸ்ட் அண்ட் ஷுட்" சொல்லலாமா?

பதில்: நம்ம பக்கத்துப் பேச்சுல புரியும், வெளிய எழுதாதே. ஒரு வெர்புக்கு ஒரு மோடல் போதும், அழுத்தம் வேணும்னா அட்வெர்ப் இருக்கே: "யூ மஸ்ட் டெஃபினிட்லி கம்", இல்ல "யூ ரியலி மஸ்ட் கம்." "வில் கேன்"னும் வராது, "வில் பி ஏபிள் டு"ன்னு மாத்திக்கணும், அப்ப அட்வெர்ப் வில்லுக்கு அடுத்தே: "வில் ஈஸிலி பி ஏபிள் டு."

குன்னூர், இன்னொரு வாசகர்: எல்லாம் சரி, "ஐ ஆல்வேஸ் கேன்"னு இங்கிலீஷ்காரங்களே சொல்லிக் கேட்டிருக்கேனே?

பதில்: சரியாத்தான் கேட்டிருக்கீங்க. பின்னாடி வெர்ப் இல்லாம மோடலோடயே வாக்கியம் முடிஞ்சுதுன்னா அட்வெர்ப் முன்னாடி ஏறிடும். "கேன் யூ வாக் டு லேம்ப்ஸ் ராக்?" "நோ, ஐ நெவர் குட்." "வில் ஹி கம் லேட்?" "ஹி ப்ராபப்ளி வில்." பின்னால வெர்பையும் சேத்து முழுசா சொன்னா பழையபடி "ஹி வில் ப்ராபப்ளி கம் லேட்."